மாடிப் புதினா

அத்தியாயம் 14

தமிழ்மதி வாயை விட்டது போன வியாழக்கிழமை. மருந்து அடித்தது இந்தத் திங்கட்கிழமை சாயங்காலம். நடுவில் இருந்த நாட்களில் அவள் மொட்டை மாடிக்கும் அடுப்படிக்குமாக அலைந்த அலைச்சலைப் பார்த்திருந்தால், வளைகாப்பு மகேஸ்வரிக்கா இவளுக்கா என்று நீங்களே கேட்டிருப்பீர்கள்.

வியாழக்கிழமை நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நாத்தனார் மகேஸ்வரி, கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, ஏழு மாத வயிற்றோடு ஒட்டன்சத்திரத்திலிருந்து அண்ணன் மோகன்குமார் வீட்டுக்கு வந்திருக்கிறாள். திண்டுக்கல்லில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு நாலைந்து நாள் இருந்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்தில் வளைகாப்பு. பிறந்த வீட்டுச் சீராக ஏழு வகைச் சோறு இங்கிருந்துதான் போக வேண்டும்.

மாமியார் இருந்திருந்தால் அது அவர் பாடு. அவர் போய் மூன்று வருஷமாகிவிட்டது. மோகன்குமாரின் மனைவி என்ற முறையில் தமிழ்மதி தலையில் வந்து விழுந்தது. அவளும் அதைச் சந்தோஷமாகத்தான் தூக்கிக்கொண்டாள். கூடத்தில் ஏழெட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் நின்று சொன்னாள்.

"புதினாச் சோறு, கொத்தமல்லிச் சோறு, கறிவேப்பிலைச் சோறு மூணுக்கும் எங்க மாடி இலைதான். கடை இலையத் தொடமாட்டேன். ஒரு சொட்டு மருந்து பட்டதில்ல."

சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அது உண்மை. மாடியில் பச்சை வலை கட்டி, பழைய பெயிண்ட் வாளிகளிலும் உடைந்த கூலர் தொட்டியிலும் அவள் வளர்த்த இலைகள் அந்தத் தெருவுக்கே தெரியும். அடுப்படி ஜன்னலில் வேறு ஐஸ்க்ரீம் டப்பாக்களில் புதினாவும் கொத்தமல்லியும் நிற்கும். அவசரத்துக்குக் கிள்ள அது, ஆசைக்குப் பறிக்க மாடி. இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே மகேஸ்வரி, "மாடியக் காடாக்கி வச்சிருக்காக, பாம்பு வராம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சொல் தமிழ்மதிக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் அம்புட்டுப் பேர் முன்னால் அம்புட்டுச் சத்தமாகச் சொன்னாள்.

சொன்ன மூன்றாம் நாள் கறிவேப்பிலைத் தண்டில் மாவுப்பூச்சி அப்பியது. புதினா இலையைத் திருப்பினால் அடியில் பச்சைப் பச்சையாக அசுவிணிப் பூச்சி. புளித்த மோர் தெளித்தாள். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளித்தாள். அதெல்லாம் நிதானமாக வேலை செய்கிற சரக்கு. தமிழ்மதிக்கு நிதானம் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பரணில் இருந்த பாட்டிலை இறக்கினாள். போன வருஷம் செம்பருத்தியில் பூச்சி விழுந்தபோது அண்ணன் சுருளிவேல் கொடுத்துவிட்டுப் போனது. அவனுக்கு அகரத்தில் மல்லிகைத் தோட்டம். தமிழ்மதி பிறந்து வளர்ந்ததே அந்தத் தோட்டத்தில்தான்.

மல்லிகையில் மொட்டுப்புழு விழுந்தால் சாயங்காலம் மருந்து அடிப்பார்கள். விடிவதற்கு முன் மொட்டைப் பறித்துப் பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தலையில் வைப்பதை யாரும் வாயில் வைப்பதில்லை என்பதால் அங்கே யாரும் நாள் எண்ணியதில்லை. ஒரு ராத்திரி தாண்டினால் மருந்தின் வேலை முடிந்தது என்பதுதான் அவர்கள் வீட்டுக் கணக்கு. தமிழ்மதிக்குத் தெரிந்த கணக்கும் அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கிறதே, தாராளம் என்று நினைத்துக்கொண்டாள்.

யாருக்கும் தெரியாமல் அடித்தாள். பாட்டிலைக் கழுவிய கையோடு பரணில் வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. மோகன்குமார் எலெக்ட்ரிக்கல் கடையைத் திறக்கப் போய்விட்டான். தமிழ்மதி இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் மெதுவாகச் செருப்புச் சத்தம் இறங்கி வந்தது. பார்த்தால் மகேஸ்வரி. ஒரு கை இடுப்பில், ஒரு கையில் கொத்துப் புதினா.

"எதுக்கு மகேசு இந்த வயித்தோட மாடி ஏறுன? ஒரு வார்த்தை சொன்னா நான் பறிச்சுத் தரமாட்டேனா?"

"ஜன்னல் டப்பாவுல தண்டுதான் நிக்குது மதினி. முந்தாநாளு சட்னிக்கு மொட்டையடிச்சுட்டீக. ரெண்டு நாளா வாய்க்கு எந்த வெஞ்சனமும் பிடிக்கல. புதினாத் துவையல் வேணும் வேணும்னு நாக்குக் கேக்குது."

"அதுக்கு..."

"உங்க இலை வாசத்துக்கு ஈடே இல்ல மதினி. அன்னைக்குக் காடுன்னு சொன்னேன்ல, மனசுல வச்சுக்காதீக. எனக்கு அப்ப புள்ளை இல்லைங்கிற எரிச்சல். எதப் பாத்தாலும் கரிச்சுக் கொட்டுவேன்."

இரண்டு வருஷமாகத் தமிழ்மதி கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. இப்படி ஒரு நேரத்திலா வர வேண்டும்?

அதைக் கீழே போடு மகேசு, நேத்து மருந்து அடிச்சுட்டேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் வியாழக்கிழமை கூடத்தில் பேசிய பேச்சு பொய்யாகும். இப்போதுதான் மனசு திறந்து பேசுகிறவள் இன்னொரு தடவை சிரிப்பாள். ஒட்டன்சத்திரம் வரைக்கும் அந்தச் சிரிப்புப் போகும். தமிழ்மதி கண் மூடித் திறக்கிற நேரத்தில் இத்தனையும் நினைத்தாள். ராத்திரிதான் தாண்டிவிட்டதே என்றும் நினைத்தாள்.

"தண்டைக் கிள்ளிப் போட்டுரு. ரெண்டு தண்ணி கூட வச்சுக் கழுவு" என்றாள்.

மகேஸ்வரி கழுவினாள். தேங்காய், புளி, வரமிளகாய் வைத்து அரைத்தாள். ஐந்து இட்லி சாப்பிட்டாள். தமிழ்மதி தனக்குப் பொடி போதும் என்று சொல்லிவிட்டாள். அந்தத் துவையலை ஒரு விரலால்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை எழுதும்போது எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது.

ஒன்பதே முக்காலுக்கு மகேஸ்வரிக்கு வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது. துப்பத் துப்ப ஊறியது. பிறகு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு, நைட்டி முழுக்க வியர்த்து, குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, கண்ணு மங்கலாத் தெரியுது."

தமிழ்மதி அவள் வாயைப் பார்த்தாள். அண்ணன் தோட்டத்தில் மருந்து அடிக்கும் ஆட்கள் காற்று மாறி அடித்தால் இப்படித்தான் எச்சில் ஒழுக உட்கார்ந்திருப்பார்கள். சின்ன வயசில் பார்த்திருக்கிறாள். பார்த்தது எல்லாம் இப்போது வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

பக்கத்து வீட்டு ஆட்டோ கிடைத்தது. மோகன்குமார் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். டியூட்டி டாக்டர் அஃப்சானா முப்பது வயசுக்குள் இருக்கும் பெண். நாடி பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?"

"இட்லியும் புதினாத் துவையலும்தான் டாக்டர்" என்று மோகன்குமார் முந்திக்கொண்டான். "ஓட்டல் சாப்பாடெல்லாம் இல்ல. புதினாகூட எங்க மாடியில விளைஞ்சது. மருந்தே படாதது. என் வொய்ஃப் வளக்குறா."

டாக்டர் தமிழ்மதியைப் பார்த்தாள். தமிழ்மதி தரையைப் பார்த்தாள்.

"தண்ணி, பால் ஏதாவது ஒத்துக்காம இருந்திருக்கலாம். டிரிப்ஸ் போடுறேன். பெரிய டாக்டர் பன்னெண்டு மணிக்கு வருவாங்க."

கட்டிலில் படுத்திருந்த மகேஸ்வரி அண்ணன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணே, புள்ளை அசையக் காணோம். காலையில கழுவும்போதுகூட உதைச்சுச்சு. இப்பக் காணோம்."

அதற்கு மேல் தமிழ்மதியால் அங்கே நிற்க முடியவில்லை. "ஸ்கேன் ஃபைலை வீட்டுல விட்டுட்டோம், எடுத்துட்டு வாரேன்" என்று வெளியே வந்தாள். பொய் சொல்லிப் பழகாத நாக்கு அன்றைக்கு ஒன்றன் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஃபைலைத் தேடவில்லை. பரணில் ஏறிப் பாட்டிலை எடுத்தாள். பாதி கிழிந்த லேபிளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முதல் முறையாகப் படித்தாள். பொடி எழுத்தில் இருந்தது. மருந்து அடித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒவ்வொரு பயிருக்கும் நாள் போட்டிருந்தார்கள். ஒரு ராத்திரி என்று எதற்கும் போடவில்லை. கீரை, இலை என்ற பேரே அந்தப் பட்டியலில் இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, போன வருசம் செம்பருத்திக்கு ஒரு மருந்து குடுத்தியே."

"ஆமா. தீந்துருச்சா?"

"அத நேத்துச் சாயங்காலம் புதினாவுக்கு அடிச்சுட்டேன்."

சுருளிவேல் சிரித்தான். "ஏத்தா, அது பூவுக்கு அடிக்கிறது. திங்கிற இலைக்கு யாராச்சும் அடிப்பாகளா? அம்புட்டையும் பிடுங்கிப் போட்டுட்டு, மண்ணையும் மாத்து."

"மகேசு தின்னுட்டாண்ணே. ஆஸ்பத்திரியில கெடக்கா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"வாயில எச்சி ஊறுதா?" என்றான் சுருளிவேல். குரலே மாறியிருந்தது.

"ஊறுது."

"பாட்டிலைக் கையில எடு. ஓடு. டாக்டர்ட்ட காட்டு. அதுக்கு மாத்து மருந்து இருக்கு, நம்ம ஆளு மிக்கேல்ராஜுக்குப் போட்டுத்தான் பிழைச்சான். நேரத்தைப் போக்காத. யாராச்சும் கேட்டா நீ அடிச்சேன்னு சொல்லாத. அண்ணன் வந்தாப்புல, தெரியாம அடிச்சுட்டுப் போயிட்டாப்புலன்னு என் மேல போடு. நான் பாத்துக்கிறேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அண்ணன் சொன்ன கடைசி வார்த்தைகள் அவளைக் குத்தின. ஒரு தப்பும் செய்யாதவன் அத்தனை சுலபமாகப் பழியைக் கேட்டு வாங்குகிறான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அஃப்சானாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பாட்டிலை நீட்டினாள்.

"மாடிப் புதினாவுல நேத்து இதை அடிச்சிருந்தேன் டாக்டர்."

டாக்டர் லேபிளைப் படித்தாள். கட்டிலுக்குப் போய் மகேஸ்வரியின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தாள். நர்ஸிடம் இரண்டு மருந்துப் பெயரைச் சொன்னாள். பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள். அதன் பிறகு அந்த அறையில் எல்லாரும் வேகமாக நடந்தார்கள்.

ஊசி போட்டு முடித்தபிறகுதான் டாக்டர் தமிழ்மதி பக்கம் திரும்பினாள். மோகன்குமாரும் பக்கத்தில் நின்றான்.

"மருந்து அடிச்ச செடின்னு தெரிஞ்சும் சாப்பிட விட்டீங்களா?"

முழு உண்மையையும் சொல்ல இது இன்னொரு வாய்ப்பு. அதையும் தமிழ்மதி கை நழுவ விட்டாள்.

"இல்ல டாக்டர். அவ மாடியில போய்ப் பறிச்சது எனக்குத் தெரியாது."

"இனிமே இந்த மாதிரிப் பாட்டிலை வீட்டுல வைக்காதீங்க. இப்பவாவது கொண்டுவந்து காட்டுனீங்களே, அது பெரிய விஷயம். பயந்துக்கிட்டு மறைக்கிறவங்கதான் நிறையப் பேரு. நீங்க சொல்லலைன்னா நான் சாதாரண வாந்தின்னுதான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

மோகன்குமார் மனைவியை வராண்டாவுக்குக் கூட்டிப்போனான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"அழுகாத மதி. ஞாயித்துக்கிழமைக்கு நல்லா செய்யணும்னுதான அடிச்ச. அவ மாடி ஏறுவான்னு நீ என்ன கனவா கண்ட? தெரியாம நடந்ததுக்கு நீ என்ன செய்வ."

"என்னங்க..."

"ஒண்ணும் பேசாத. செத்த நேரம் உக்காரு."

அவன் தோளைத் தட்டிக் கொடுத்தான். அந்தக் கை பட்ட இடம் அவளுக்கு எரிந்தது. பதினோரு வருஷத்தில் மோகன்குமார் இத்தனை அன்பாகப் பேசிய நாள் விரல் விட்டு எண்ணலாம். அதில் இதுவும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்ததே என்று அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுதாள்.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்தார். குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது. கொஞ்சம் வேகமாக இருக்கிறது, நாளைக் காலை வரைக்கும் கூடவே இருந்து பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் எதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றார். மகேஸ்வரி அந்தத் துடிப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

மோகன்குமார் காபி வாங்கிவரப் போனான். அறையில் இரண்டு பேர் மட்டும்.

"மதினி."

"சொல்லு மகேசு. தண்ணி வேணுமா?"

"அண்ணன் எல்லாம் சொல்லுச்சு. நான் பறிச்சது உங்களுக்குத் தெரியாதுன்னு டாக்டர்ட்ட சொன்னீகளாம்."

தமிழ்மதி தம்ளரை மேசையில் வைத்தாள்.

"நான் படியில எறங்கி வாரேன், நீங்க இட்லித் தட்டோட நிக்கிறீக. என் கையிலதான் இலை இருந்துச்சு. அதைப் பாத்தீக. எப்பவும் எங்க இலையக் கழுவாமலே திங்கலாம்னு சொல்ற ஆளு நீங்க. இன்னைக்கு ரெண்டு தண்ணி கூட வைக்கச் சொன்னீக. படுத்துக்கிட்டே அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

குரலில் கோபம் இல்லை. பேசக்கூடத் தெம்பில்லாமல் மெதுவாகச் சொன்னாள். அப்படிச் சொன்னதுதான் தமிழ்மதிக்குத் தாங்கவில்லை.

"அப்பவே தெரியுமா மதினி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் சாட்சி யாரும் இல்லை. மருந்து மயக்கத்தில் என்னவோ உளறுகிறாள் என்று மோகன்குமாரிடம் சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான்.

"தெரியும் மகேசு."

"ஏன் சொல்லல?"

"மருந்தே படாத இலைன்னு அம்புட்டுப் பேரு முன்னால பேசிட்டேன். அது பொய்யாப் போயிருமேன்னு இருந்துச்சு. நீ வேற வந்து ஈடே இல்லன்னுட்ட."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

மகேஸ்வரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய காரணம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ என்னவோ. பழைய பகை, சொத்துச் சண்டை, வயிற்றெரிச்சல் என்று ஏதாவது. இத்தனை சின்னக் காரணத்துக்காகத் தன் பிள்ளை இந்தப் பாடு படுகிறது என்பதை அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "நான் சொன்னா, நாத்தனா புத்தி, மதினி மேல பழி போடுறான்னு அண்ணனே நெனைக்கும். என் வீட்டுக்காரரு வந்துக்கிட்டு இருக்காரு. சொல்றதா இருந்தா நீங்களே சொல்லுங்க. சொல்லாட்டி, ஞாயித்துக்கிழமை எனக்கு வளையல் போட நீங்க வராதீக."

தமிழ்மதி பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. மகேஸ்வரியின் வீட்டுக்காரர் ஈஸ்வரன் வந்துவிட்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து பைக்கிலேயே வந்திருந்தார். தலை முழுக்கப் புழுதி. காய்கறி மண்டியிலிருந்து அப்படியே கிளம்பியவர், செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் கட்டில் பக்கம் போய் மனைவியின் நெற்றியில் கை வைத்தார். வயிற்றின் மேல் கட்டியிருந்த பெல்ட்டைப் பார்த்தார். துடிப்புச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தமிழ்மதி பக்கம் திரும்பி, பெரியவர்களைக் கும்பிடுவதுபோல இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"அம்மிணி, மச்சான் போன்ல எல்லாஞ் சொன்னாருங்க. தெரியாம நடந்துபோச்சு, அத உடுங்க. நீங்க மட்டும் பயப்படாம ஓடியாந்து டாக்டருகிட்ட உண்மையச் சொல்லலீன்னா என்னாயிருக்குமுங்க? ஒம்பது வருசமுங்க அம்மிணி. எம்பட புள்ளையக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க."

அவர் கண் நிறைந்திருந்தது. மகேஸ்வரி சுவர்ப் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பினாள். கதவருகில் மோகன்குமார் காபி ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றான்.

"கையை எறக்குங்கண்ணே" என்றாள் தமிழ்மதி. "நான் சொன்னதுல பாதிதான் உண்மை. காலையில மகேசு கையில அந்த இலைய நான் பாத்தேன். மருந்து அடிச்சதுன்னு தெரிஞ்சுதான் பேசாம நின்னேன். அவ அரைக்கிறதையும் பாத்தேன், திங்கிறதையும் பாத்தேன்."

மோகன்குமார் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தான். கும்பிட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஈஸ்வரன் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.